ஹெலிகொப்டரும் ஆகாய விமானமும்

நின்ற இடத்திலிருந்தே வானில் எழவும், விரும்பிய இடத்தில் மெல்ல வந்து இறங்கவும் வல்ல ஊர்தி ஒன்று வேண்டும் என்பது மனிதனின் நெடுநாளைய ஆசையாகும். சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நாம் அறிவோம். சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த அப்பொறி, விசையை வலப்பக்கம் திரிப்ப மேலெழும். இடப்பக்கம் திரிப்ப நிலத்தில் வந்து அமரும். அதற்கு ஓடுபாதை வேண்டியதில்லை. ஆளுவதற்கு ஒரு விசையே போதும். காவியப் புலவர் கற்பனையில் கண்ட அப்பறப்பு இன்று ஹெலிகொப்டர் வடிவில் நம் தலைக்கு மேலே நிகழ்கின்றது. ஆயினும் அதனை ஆளுவதற்கு ஒரு விசை போதவில்லை. விமானியின் இரு கைகளும் இரு கால்களும் ஓயாது தொழிற்பட வேண்டியிருக்கின்றன.

இவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று? ஆகாய விமானம் 1903 ஆம் ஆண்டிலேயே பறந்திருக்க, ஹெலிகொப்டர் பயன்தரும் ஊர்தியாவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றமைக்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண, இரண்டு ஊர்திகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஒப்பிட்டு நோக்குவோம்.

இரண்டிற்கும் பொதுவான விதி

காற்றிலும் கனமான எந்த ஊர்தியும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளியே மேலே நிற்கின்றது. தாக்கத்திற்குச் சமனான எதிர்த்தாக்கம் உண்டு என்னும் நியூற்றனின் மூன்றாம் விதி இங்கே தொழிற்படுகின்றது. இறக்கையானது முன்விளிம்பு சற்றே உயர்ந்திருக்கக் காற்றை ஊடறுத்துச் செல்லும்போது, காற்றோட்டம் கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றது. இறக்கை மேல்நோக்கித் தூக்கப்படுகின்றது. இதனையே தூக்குவிசை என்கிறோம்.

இத்தூக்குவிசை முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. ஒன்று, காற்றினூடே இறக்கை செல்லும் வேகம். வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். மற்றொன்று, எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள தாக்குகோணம். இக்கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால் காற்றோட்டம் இறக்கையின் மேற்புறத்தைப் பற்றிச் செல்லாது பிரிந்து கலங்கிவிடுகின்றது. தூக்குவிசையும் பெரிதும் குறைந்துவிடுகின்றது. இதனைத் தூக்குவிசை முறிதல் என்று கொள்வோம். விமானத்தின் வரலாற்றிலும் ஹெலிகொப்டரின் வரலாற்றிலும் இது பெரும் பங்கு வகித்துள்ளது.

விமானத்தின் ஆளுகை

ஆகாய விமானத்தில் இறக்கை உடலோடு அசையாது பொருத்தப்பட்டுள்ளது. ஆதலால், இறக்கை காற்றினூடே ஓடவேண்டுமாயின் விமானம் முழுவதுமே ஓடவேண்டும். இதற்காகவே நீண்ட ஓடுபாதை வேண்டப்படுகின்றது. நால்வர் செல்லும் சிறு விமானமொன்று மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்திற்குக் கீழ் வந்தால் வானில் நிலைத்தல் அரிது. பெரிய பயணி விமானங்களோ மணிக்கு 250 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்திலேயே பெரும்பாலும் நிலத்தைவிட்டு எழுகின்றன.

விமானத்தில் வேலைகள் தனித்தனியாகப் பகுக்கப்பட்டுள்ளன என்பது கவனிக்கத் தக்கது. எஞ்சின் முன்னே உந்துகின்றது, இறக்கை தூக்குகின்றது, திருப்புவதற்குத் தனித்தனியான தகடுகள் உள்ளன. இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள ஓரத் தகடுகளுள் ஒன்று உயர மற்றது தாழும். அதனால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும். வாலிலுள்ள கிடைத் தகடு மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும். நிலைக்குத்தான சுக்கான் மூக்கை இடமும் வலமும் திருப்பும். சாயும்போது தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுப்பதனாலேயே விமானம் வளைந்து செல்கின்றது. சுக்கான் அதற்குத் துணைசெய்வதே.

நன்கு அமைக்கப்பட்ட விமானத்திற்கு இயற்கையாகவே ஓர் உறுதிநிலை உண்டு. வாலில் அமைந்த தகடுகள் அம்பின் இறகுகளைப் போன்று அதனை நேர்வழியில் நிறுத்துகின்றன. ஒரு சிறு காற்று மூக்கை அசைத்தாலும் அது தானாகவே பழைய நிலையை நாடும். ஆகவே, நேரான பறப்பில் விமானி சில கணங்கள் கையை எடுத்தாலும் கேடு விளைவதில்லை.

சுழலும் இறக்கை

ஹெலிகொப்டர் இறக்கையை உடலின் ஓட்டத்திலிருந்து விடுவித்துவிட்டது. உடல் நிற்க, இறக்கை மட்டும் சுழல்கின்றது. தலைக்கு மேல் சுழலும் ஒவ்வோர் அலகும் ஒடுங்கி நீண்ட ஓர் இறக்கையே. பெல் 206 என்னும் ஹெலிகொப்டரை உதாரணமாகக் கொள்வோம். அதன் சுழலியின் விட்டம் ஏறத்தாழ 10 மீற்றர். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 394 முறை சுழல்கின்றது. எனவே, ஊர்தி அசையாது நிற்கும்போதும் அலகின் நுனி செக்கனுக்கு 210 மீற்றர் அளவில், அதாவது மணிக்கு 750 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், காற்றைக் கிழித்துச் செல்கின்றது. இறக்கைக்கு வேண்டிய வேகம் இவ்வாறு நின்ற இடத்திலேயே கிடைத்துவிடுகின்றது.

மேலெழுவதற்குச் சுழலியை விரைவாகச் சுழற்றுவர் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. சுழலும் வேகம் பறப்பு முழுவதும் ஏறக்குறைய மாறாதிருக்கும். மாற்றப்படுவது அலகுகளின் கோணமே. விமானியின் இடக்கையருகே ஒரு நெம்புகோல் உண்டு. ‘கலெக்டிவ்’ எனப்படும் இதனைப் பொதுக்கோல் என்று கூறலாம். இதனை உயர்த்தினால் எல்லா அலகுகளின் கோணமும் ஒருங்கே கூடும், ஊர்தி எழும். தாழ்த்தினால் கோணம் குறையும், ஊர்தி இறங்கும். கோணம் கூடும்போது காற்றின் தடையும் கூடுமாகையால், சுழற்சி தளராதிருக்க எஞ்சினின் வலுவையும் கூட்டவேண்டும். முற்கால ஹெலிகொப்டர்களில் இதே கோலின் கைப்பிடியை முறுக்கி விமானியே இதனைச் செய்தார். பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் தானியங்கும் ஒரு கருவி இதனைக் கவனித்துக்கொள்கின்றது.

இனி, முன்னே செல்வது எங்ஙனம்? ஹெலிகொப்டரில் முன்னிழுக்கும் எஞ்சின் தனியாக இல்லை. சுழலும் அலகுகள் வரையும் வட்டத்தை ஒரு தட்டாகக் கொள்வோம். தூக்குவிசை இத்தட்டிற்குச் செங்குத்தாக அமைகின்றது. தட்டு முன்னே சாயின் தூக்குவிசையின் ஒரு பகுதி முன்னே இழுக்கும். பின்னே சாயின் பின்னே இழுக்கும். பக்கமாகச் சாயின் பக்கமாக இழுக்கும். ஹெலிகொப்டர் எத்திசையிலும் செல்ல வல்லதாயிருப்பது இதனாலேயே.

தட்டைச் சாய்ப்பதற்கு விமானியின் வலக்கையில் ‘சைக்கிளிக்’ என்னும் சுழற்சிக்கோல் உள்ளது. சுழலித் தண்டைச் சூழ்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையத் தட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. கீழ்த்தட்டு சுழல்வதில்லை, அது கோலின் அசைவுக்கு ஏற்பச் சாயும். மேல்தட்டு அச்சாய்வை ஏற்றுக்கொண்டு சுழலியோடு சேர்ந்து சுழலும். மேல்தட்டிலிருந்து ஒவ்வோர் அலகுக்கும் ஒரு சிறு கம்பி செல்கின்றது. தட்டு சாய்ந்திருக்கும்போது, அலகு ஒருமுறை சுற்றிவருவதற்குள் அதன் கோணம் ஓரிடத்தில் கூடி, எதிர்ப்புறத்தில் குறைகின்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ நானூறு முறை இம்மாற்றம் தவறாது நிகழ்கின்றது.

இங்கே மாணவர் சிந்திக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. அலகின் கோணத்தைக் கூட்டிய இடத்திலேயே அலகு மிக உயர்ந்து நிற்பதில்லை; கால் சுற்றுக் கழிந்த பின்னரே மிக உயர்ந்த நிலையை அடைகின்றது. ஊஞ்சல் கீழே வந்து விரைந்து செல்லும் இடத்தில் அதற்கு உந்து கொடுக்கின்றோம். அது உச்சியை அடைவதோ சற்றுப் பின்னரே. அலகின் செயலும் இத்தகையதே. மேலிருந்து நோக்க இடஞ்சுழியாகச் சுழலும் ஒரு சுழலியை முன்னே சாய்க்கவேண்டுமாயின், அலகின் கோணத்தை இடப்பக்கத்தில் கூட்டவேண்டும். அப்போதே அது பின்புறத்தில் உயர்ந்து முன்புறத்தில் தாழும். பொறியமைப்பில் இவ்விலகல் முன்னதாகவே கணிக்கப்பட்டிருப்பதால், விமானி கோலை முன்னே தள்ளினால் ஊர்தியும் முன்னே செல்கின்றது.

முறுக்கத்தை வெல்லுதல்

நியூற்றனின் அதே விதி ஓர் இடரையும் கொண்டுவருகின்றது. எஞ்சின் சுழலியை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, ஊர்தியின் உடல் மறுபக்கமாகச் சுழல முற்படுகின்றது. இதனைத் தடுக்கவே வாலின் ஓரத்தில் நிலைக்குத்தான சிறு சுழலி ஒன்று அமைந்துள்ளது. அது பக்கவாட்டில் காற்றைத் தள்ளி உடலை நேரே நிறுத்துகின்றது. கால்மிதிகளால் அச்சிறு சுழலியின் அலகுக் கோணத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானி மூக்கை விரும்பிய திசைக்குத் திருப்புகிறார். எதிரெதிராகச் சுழலும் இரண்டு பெருஞ்சுழலிகளை அமைத்தும் இவ்விடரை வெல்லலாம். முன்னொன்றும் பின்னொன்றுமாகச் சுழலிகளையுடைய சினூக் ஹெலிகொப்டரும், ஒரே அச்சில் இரண்டைக் கொண்ட ருஷ்ய நாட்டுக் காமொவ் ஹெலிகொப்டர்களும் அவ்வகையின.

இப்போது நம் முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. விமானத்தில் தனித்தனி உறுப்புகள் பகிர்ந்து செய்யும் தூக்குதல், உந்துதல், சாய்த்தல் ஆகிய அனைத்தையும் ஹெலிகொப்டரில் ஒரே சுழலி செய்கின்றது. ஆதலால் ஒன்றை மாற்ற மற்றவையும் மாறுகின்றன. விமானி பொதுக்கோலை உயர்த்தினால் முறுக்கம் கூடி மூக்குத் திரும்பும். அதைத் தடுக்க மிதியை அழுத்தவேண்டும். மிதியை அழுத்த வாற்சுழலியின் தள்ளல் கூடி ஊர்தி பக்கமாக நகரும். அதைத் தடுக்கச் சுழற்சிக்கோலைச் சாய்க்கவேண்டும். கோலைச் சாய்க்க மேல்நோக்கிய தூக்குவிசை சிறிது குறையும். ஆகவே மீண்டும் பொதுக்கோலை நாடவேண்டும். ஓரிடத்தில் அசையாது நிற்கும்போது அம்பின் இறகுபோல் நேர்நிறுத்தும் காற்றோட்டமும் இல்லை. தானியங்கு துணைக்கருவி இல்லாத ஹெலிகொப்டரில் விமானி கையை எடுத்தால் சில செக்கன்களில் ஊர்தி நிலைகுலையும். நின்றநிலைப் பறப்பு பார்வைக்கு ஓய்வாகத் தோன்றினும் உண்மையில் அது ஓயாத திருத்தமேயாகும்.

முன்செல்லும் அலகும் பின்செல்லும் அலகும்

ஹெலிகொப்டர் முன்னே பறக்கும்போது புதியதொரு சிக்கல் எழுகின்றது. அலகின் நுனி செக்கனுக்கு 210 மீற்றர் வேகத்தில் சுழல, ஊர்தி செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில், செல்வதாகக் கொள்வோம். முன்னோக்கி வரும் அலகின் நுனிக்குக் காற்றின் வேகம் 260 மீற்றர். பின்னோக்கிச் செல்லும் அலகின் நுனிக்கோ 160 மீற்றரே. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், கோணம் மாறாதிருப்பின் நுனியருகே ஒரு பக்கத்துத் தூக்குவிசை மறுபக்கத்தினதைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்காகும். ஊர்தி கவிழ்ந்துவிடவேண்டியதே.

இதற்கு வழி கண்டவர் ஸ்பெயின் தேசத்தவரான ஹுவான் டி லா சியெர்வா. 1919 ஆம் ஆண்டில் அவர் அமைத்த பெரிய விமானமொன்று வேகம் குன்றித் தூக்குவிசை முறிந்து வீழ்ந்தது. வேகம் குறைந்தாலும் வீழாத ஊர்தியொன்றை ஆக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். முன்னிழுக்கும் எஞ்சினோடு, காற்றினால் தானாகவே சுழலும் சுழலியையும் கொண்ட ஒட்டோகைரோ என்னும் ஊர்தி 1923 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பறந்தது. முந்திய முயற்சிகளில் ஊர்தி ஒரு பக்கம் சாய்ந்து கெட்டது. பின்னர் அவர் அலகுகளின் அடியில் பிணைச்சல்களை அமைத்து, அவை மேலுங்கீழும் அசையவிட்டார். முன்வரும் அலகு மேலெழும். அவ்வாறு எழும்போது தாக்குகோணம் தானாகவே குறையும். பின்செல்லும் அலகு தாழும். தாழ்வதால் கோணம் கூடும். இரு பக்கமும் சமனாகும். வளைந்து கொடுத்ததனால் நிலைபெற்ற அமைப்பு இது. இவ்வறிவின்றேல் ஹெலிகொப்டர் உருவாகியிராது. விமானங்கள் வேகங்குன்றி வீழ்வதைத் தடுக்க உழைத்த அப்பெரியார், 1936 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இலண்டனை அடுத்த குரொய்டனில் மூடுபனியிடையே எழுந்து விபத்துக்குள்ளான பயணி விமானமொன்றில் உயிர்துறந்தார்.

பிணைச்சலும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வேகம் மிகமிகப் பின்செல்லும் அலகின் தாக்குகோணம் கூடிக்கூடி, முடிவில் அங்கே தூக்குவிசை முறியும். முன்வரும் அலகின் நுனியோ ஒலியின் வேகத்தை அணுகும். இவ்விரண்டுக்கும் இடையில் ஹெலிகொப்டரின் வேகம் அகப்பட்டுக்கொள்கின்றது. 1986 ஆம் ஆண்டு ஓகத்து 11 ஆம் திகதி இங்கிலாந்தில் லிங்ஸ் என்னும் ஹெலிகொப்டர் மணிக்கு 400.87 கிலோமீற்றர் வேகத்தில் பறந்து உலக சாதனை நிலைநாட்டியது. பயணி விமானங்கள் நாள்தோறும் அதனினும் இருமடங்கு வேகத்தில் பறக்கின்றன.

எஞ்சின் நின்றால்

எஞ்சின் நின்றால் விமானம் சறுக்கி இறங்கலாம். ஹெலிகொப்டரோ கல்லைப்போல் வீழும் என்பது பரவலான எண்ணம். இது தவறு. சிறு விமானம் ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் சறுக்கிச் செல்லவல்லது என்பது மெய்யே. ஹெலிகொப்டர் அத்துணைத் தூரம் செல்லாது. ஆனால் அதற்கும் வழியுண்டு. எஞ்சின் நின்றதும் விமானி பொதுக்கோலை உடனே தாழ்த்தவேண்டும். கீழிருந்து மேலாக வரும் காற்று, காற்றாடியைச் சுழற்றுவதுபோல் சுழலியைச் சுழற்றும். இதுவே தற்சுழற்சி எனப்படும். நிலம் அணுகும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, சுழலியில் சேமித்துள்ள சத்தி முழுவதையும் கடைசிக் கணத்தில் பொதுக்கோலை உயர்த்திச் செலவிட்டு மெல்ல இறங்கலாம்.

இதற்கு வாய்ப்பு ஒருமுறையே. கோலைத் தாழ்த்த ஒன்றிரண்டு செக்கன் தாமதித்தால் அலகுகளின் வேகம் மீளாவகையில் குன்றிவிடும். தாழ்ந்த உயரத்தில் நின்றநிலையில் இருக்கும்போது எஞ்சின் நிற்பின் தற்சுழற்சிக்கும் இடமில்லை. மீட்புப் பணியில் கயிறு இறக்கி ஒருவரைத் தூக்கும் விமானி அந்நிலையிலேயே நின்று தொழில் செய்கிறார் என்பதை நாம் நினைத்தல் வேண்டும்.

நாற்பது ஆண்டுத் தாமதம்

1907 ஆம் ஆண்டு நவெம்பர் 13 ஆம் திகதி பிரான்சு தேசத்துப் போல் கோர்னு என்பவர் இரு சுழலிகள் கொண்ட ஊர்தியில் சில செக்கன்கள் நிலத்தைவிட்டு எழுந்ததாகக் கூறப்படுகின்றது. எழுவதற்கு வேண்டிய வலு ஓரளவு கிடைத்துவிட்டது. எழுந்ததை ஆளும் வழியே கிடைக்கவில்லை. 1936 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹைன்ரிக் போக்கே அமைத்த ஊர்தி முதன்முதல் செவ்வையான ஆளுகையைக் காட்டியது. ருஷ்யப் பேரரசில் பிறந்து 1919 இல் அமெரிக்காவில் குடியேறிய ஐகர் சிக்கோர்ஸ்கி, 1909 இலேயே கீவ் நகரில் ஹெலிகொப்டர் அமைக்க முயன்று கைவிட்டவர். அவர் முப்பதாண்டு கழித்து 1939 செப்டெம்பர் 14 ஆம் திகதி, ஒரு பெருஞ்சுழலியும் வாற்சுழலியும் உடைய ஊர்தியைக் கயிறுகளால் பிணித்து எழச்செய்தார். 1940 மே மாதம் 13 ஆம் திகதி அது கட்டின்றிப் பறந்தது.

நான்கு ஆண்டுகளுக்குள் அவ்வறிவு உயிர்காத்தது. 1944 ஏப்பிரில் மாதத்தில், பர்மாவில் யப்பானியர் வசமிருந்த காட்டினுள்ளே, காயமுற்ற பிரித்தானியப் போர்வீரர் மூவரை ஏற்றிய சிறு விமானமொன்று வீழ்ந்தது. ஓடுபாதை இல்லாத அவ்விடத்தில் வேறு விமானம் இறங்க வகையில்லை. கார்ட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்க விமானி சிக்கோர்ஸ்கியின் சிறு ஹெலிகொப்டரில் அங்கே சென்றார். வெப்பமும் ஈரமும் மிக்க காற்றில் எஞ்சினின் வலு போதாமையால் ஒரு முறைக்கு ஒருவரையே ஏற்ற முடிந்தது. இரண்டு நாள்களில் அம்மூவரையும், வீழ்ந்த விமானத்தின் விமானியையும் ஒருவர்பின் ஒருவராக அவர் மீட்டார். நின்றநிலைப் பறப்பு மிகுந்த வலுவை வேண்டுவது என்னும் உண்மை அங்கே உயிர்களின் எண்ணிக்கையில் அளக்கப்பட்டது.

எது சிறந்தது?

விமானம் குறைந்த எரிபொருளில் நெடுந்தூரமும் விரைந்தும் செல்லும், பெருஞ்சுமை தாங்கும். ஹெலிகொப்டர் மெதுவானது, செலவு மிக்கது, பேணுவதற்கு அரியது. ஆயினும் பாதையற்ற இடத்திற்கு அது செல்லும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வீதிகளையும் பாலங்களையும் அழித்தபோது, துண்டிக்கப்பட்ட கரையோரங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்ற ஊர்திகளுள் ஹெலிகொப்டர்களும் இருந்தமையை நாம் மறப்பதற்கில்லை.

அண்மைக் காலத்தில் கணினி விமானியின் சுமையைக் குறைத்துள்ளது. திருமண வீடுகளிலும் காணப்படும் நாற்சுழலி ட்ரோன்களில் சாய்தட்டுமில்லை, பிணைச்சலுமில்லை. நான்கு மோட்டார்களின் வேகங்களை மாற்றியே கணினி அவற்றை நிலைநிறுத்துகின்றது. 2021 ஆம் ஆண்டு ஏப்பிரில் 19 ஆம் திகதி இன்ஜெனுவிற்றி என்னும் 1.8 கிலோகிராம் நிறையுள்ள சிறு ஹெலிகொப்டர் செவ்வாய்க் கிரகத்தில் எழுந்தது. நம் காற்றின் நூறிலொரு பங்கு அளவே அடர்த்தியுள்ள அங்கே, எதிரெதிராகச் சுழலும் அதன் அலகுகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 முறை சுழன்றன. அங்கிருந்து செய்தி பூமியை அடையப் பல நிமிடங்கள் செல்லுமாதலால், மனிதர் கை அதனை ஆள இயலாது. ஊர்தியே தன்னைத் திருத்திக்கொண்டு பறந்தது. 2024 சனவரியில் நிகழ்ந்த இறுதிப் பறப்பு வரை அது 72 முறை எழுந்தது.

பாடசாலையில் நாம் கற்கும் நியூற்றன் விதிகளே இவையனைத்திற்கும் அடிப்படை. அவ்விதிகளை அறிந்தும், எஞ்சினைப் பெற்றும், நிலத்தைவிட்டு எழுந்தும், எழுந்ததை அடக்கி ஆளக் கற்பதற்கே மனிதருக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. வலுவைப் பெறுதல் ஒன்று. அதனை ஆளுதல் வேறொன்று. இரண்டாவதே அரியது என்பதைத் தலைக்கு மேல் அசையாது நிற்கும் ஒவ்வொரு ஹெலிகொப்டரும் நமக்குக் காட்டி நிற்கின்றது.